மூளைக்கு வேண்டிய சூடு

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டைகளும் தேநீர்க் கோப்பைகளும் சூளையில் வேகின்றன. நல்ல பீங்கான் வேண்டுமானால் சூளை 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது சூடேற வேண்டும். சூடு குறைந்தால் பண்டம் நீரை உறிஞ்சும். தட்டினால் கணீரென்று ஒலிக்காது. மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய கட்டை நீரை உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

நம் உடலும் ஒரு சூளைதான். ஆனால் மிகச் சாதுவான சூளை. அதன் சூடு ஏறத்தாழ 37 டிகிரி. இந்தச் சூளையின் தீயைக் கூட்டவும் குறைக்கவும் செய்வது எது? கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு சுரப்பி. வளர்ந்த மனிதனிடம் அதன் எடை 20 கிராம் அளவே. அது சுரக்கும் தைராக்ஸின் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சென்று, 'உணவை இவ்வளவு வேகத்தில் எரி' என்று செல்களுக்கு ஆணையிடுகிறது. எரியும்போது பிறக்கும் வெப்பமே நம் உடற்சூடு.

சுரப்பிக்கு மேலதிகாரிகளும் உண்டு. இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்பும். பிட்யூட்டரி தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும். தைராய்டு சோர்ந்திருந்தால் இந்தத் தூண்டும் ஹார்மோன் இரத்தத்தில் பெருகிவிடும். மருத்துவர்கள் இரத்தத்தைச் சோதிக்கும்போது முதலில் தேடுவது இதைத்தான்.

தைராக்ஸின் மிகவும் குறைந்துபோனால், ஓய்வாயிருக்கும்போது உடல் எரிக்கும் சக்தி 40 சதவீதம் வரைகூடக் குறையலாம். சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார்கள். நாடி மெதுவாகத் துடிக்கும். மலச்சிக்கல், உடற்பருமன், மறதி, தூக்கக் கலக்கம் எல்லாம் வரும். குதிகால் தசைநாரைச் சிறு சுத்தியால் தட்டினால் பாதம் அசைந்துவிட்டு, மெள்ள மெள்ளத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். வகுப்பில் இப்படி ஒரு மாணவி இருந்தால் 'சோம்பேறி' என்று பட்டம் சூட்டிவிடுவார்கள். அவளுக்குத் தேவை பட்டமன்று, இரத்தப் பரிசோதனை.

மூளை ஏன் இவ்வளவு பாதிக்கப்படுகிறது? உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் வேலைகளைச் செய்யும் என்ஸைம்கள் குளிரில் மந்தமாகும். உடற்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், சிந்தனை தடுமாறும். 30 டிகிரியை நெருங்கினால் நினைவே தப்பக்கூடும். பல ஆண்டுகள் சிகிச்சையின்றி விடப்பட்ட தைராய்டுக் குறைவு, அரிதாக, இத்தகைய ஆபத்தான மயக்கத்தில் கொண்டுபோய் விடுவதுண்டு.

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாதாரணத் தைராய்டுக் குறைவில் உடற்சூடு சற்றே குறையும், குறையாமலும் இருக்கும். ஆகவே அக்குளில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு 'எனக்குத் தைராய்டு' என்று தீர்மானிப்பது தவறு. மேலும், மந்தத்துக்குச் சூட்டுக்குறைவு மட்டுமே காரணமன்று. மூளைச் செல்களுக்குத் தைராய்டு ஹார்மோனே நேரடியாகத் தேவை.

பெரியவர்களிடம் இந்த மந்தத்தைப் பெரும்பாலும் போக்கிவிடலாம். 1891-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் மரே, இந்நோயுற்ற ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியால் செலுத்தினார். அவர் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அந்த வேலையைக் காலையில் வெறும்வயிற்றில் விழுங்கும் ஒரு சிறு மாத்திரை செய்கிறது.

சிசுவின் கதை வேறு. கருவிலும் பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும் மூளைச் செல்கள் தத்தம் இடம் தேடிச் சென்று, கிளைவிட்டு, ஒன்றோடொன்று இணைகின்றன. அப்போது ஹார்மோன் இல்லாவிட்டால், பின்னர் எவ்வளவு கொடுத்தாலும் இழந்ததை முழுதும் மீட்க முடியாது. பச்சை மண்ணைத் திருத்தலாம், சுட்ட பண்டத்தைத் திருத்த முடியாது என்பது விருத்தாசலத்தில் யாருக்கும் தெரியும். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்து, இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால், அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படிக்கும்.

தைராக்ஸின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் கிடைக்காவிட்டால் சுரப்பி வீங்கிக் கழலையாகிறது. இமயமலை அடிவாரத்தில் மழை மண்ணின் அயோடினைக் கரைத்துச் சென்றுவிட்டதால் கழலை மலிந்திருந்தது. 1956-இல் வி. இராமலிங்கசுவாமியும் குழுவினரும் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள்; இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அந்த இரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது; மூன்றாவதில் குறையவில்லை. பின்னர் அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட, அங்கும் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

கடலோரத்தில் இருக்கிறோம், உப்பளங்கள் பக்கத்திலேயே உள்ளன, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். கடல் உப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பம். வளர்ந்தவருக்கு நாள்தோறும் 150 மைக்ரோகிராம் வேண்டும். கருவுற்ற தாய்க்கு 250. கடையில் வாங்கும் உப்புப் பையில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய உப்பைத் திறந்த தட்டில் அடுப்பருகே வைத்தால் ஈரமும் வெப்பமும் அயோடினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடும். இறுக மூடிய பீங்கான் ஜாடியில் போட்டு, உலர்ந்த கரண்டியால் எடுத்துப் பழகுங்கள்.