டி.என்.ஏ.வின் அடுக்குத்தொடர்

கேள்வி: டி.என்.ஏ. சோதனை என்றால் ஒருவருடைய டி.என்.ஏ. முழுவதையும் படித்துப் பார்ப்பார்களா? அதை ஏன் 'டி.என்.ஏ. கைரேகை' என்கிறார்கள்? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முழுவதையும் படிப்பதில்லை. படிக்கவும் வேண்டியதில்லை. நம் டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆன, சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ள ஏடு. எந்த இரண்டு பேருடைய ஏட்டை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். ஆளுக்கு ஆள் அதிகம் மாறுகிற இடங்கள் சில உண்டு. அங்கே ஒரு சிறு சொல் இடைவெளியே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும். பள்ளியில் படித்த அடுக்குத்தொடர் நினைவிருக்கிறதா? 'பாம்பு பாம்பு பாம்பு'! நன்னூல் ஒரு சொல்லை நான்கு முறைக்கு மேல் அடுக்க விடுவதில்லை. டி.என்.ஏ.வுக்கு அந்த வரம்பு கிடையாது. ஒரே சொல் 8 முறை வரும், 15 முறை வரும், சில இடங்களில் நூற்றுக்கணக்கான முறையும் வரும். ஒரே சொல் வரிசையாக நிற்கும் இடத்தில் சுவடி படியெடுப்பவருக்குக் கண் தவறும் அல்லவா? டி.என்.ஏ. நகலாகும்போதும் அப்படித்தான், எண்ணிக்கை கூடியோ குறைந்தோ போகிறது. பெற்றோரிடமிருந்து வந்த குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போதும் இது நடக்கும். அதனால் உங்களுக்கு 11 முறை வரும் சொல் அடுத்த வீட்டுக்காரருக்கு 14 முறை வரலாம்.

இதை ஆளை அடையாளம் காணும் முறையாக்கியவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக் ஜெஃப்ரீஸ். அவர் தேடியது குற்றவாளிகளை அல்ல. தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த மரபணுவுக்குள், புரதத்துக்குப் பயன்படாத ஒரு பகுதியில், 33 எழுத்துச் சொல் ஒன்று நான்கு முறை அடுக்கி வந்தது. அதைத் தூண்டிலாக வைத்து, மற்ற இடங்களில் உள்ள இதே சாயலான அடுக்குகளைப் பிடிக்க முயன்றார். 1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலை 9.05 மணிக்கு எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி எடுத்தார். ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், அவருடைய தாய், தந்தை ஆகியோரின் டி.என்.ஏ. அதில் பட்டை பட்டையாகப் பதிந்திருந்தது. மூவருக்கும் மூன்று விதம். ஆனால் மகளின் ஒவ்வொரு பட்டையும் தாயிடமோ தந்தையிடமோ இருந்தது. விரல் ரேகையைப்போல ஆளுக்கு ஆள் மாறுவதால் 'கைரேகை' என்று பெயரிட்டார்கள். உண்மையில் இது ரேகையைவிட ஒரு படி மேல். ரேகை யார் பிள்ளை என்று சொல்லாது, இது சொல்லும்.

முதல் பயன்பாடு 1985-இல். கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன், பிரிட்டனில் இருக்கும் பெண்ணின் மகன்தானா என்று குடியேற்ற அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். தந்தையின் மாதிரி கிடைக்கவில்லை. தாயின் பட்டைகளையும் மற்ற மூன்று பிள்ளைகளின் பட்டைகளையும் வைத்தே, அவன் அந்தப் பெண்ணின் பிள்ளைதான் என்று நிறுவினார்கள். தாயும் மகனும் சேர்ந்து வாழ முடிந்தது.

அடுத்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. லெஸ்டருக்கு அருகிலுள்ள கிராமங்களில் 1983-இலும் 1986-இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான். முதல் கொலையும் அவன் செய்ததுதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே போலீசார் ஜெஃப்ரீஸிடம் போனார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அந்த ஆள் இவன் அல்ல என்று பட்டைகள் காட்டின. குற்ற வழக்கில் டி.என்.ஏ. முதன்முதலாகச் செய்த வேலை, ஒப்புதல் வாக்குமூலமே கொடுத்துவிட்ட ஒரு நிரபராதியை விடுவித்தது. வாக்குமூலத்தையே கடைசி ஆதாரமாக நினைப்பவர்கள் இந்த வழக்கை மறக்கக் கூடாது. பிறகு சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 5,000 ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். கொலையாளி தனக்குப் பதிலாக உடன் வேலை பார்த்தவனை ரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தான். அந்த ஆள் மதுக்கடையில் வாய்விட்டது போலீசுக்கு எட்டியது. கொலையாளிக்கு 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்தது.

கேள்வி: இந்த அடுக்குகளை 'மினிசாட்டிலைட்', 'மைக்ரோசாட்டிலைட்' என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். சாட்டிலைட்டுக்கும் இதற்கும் என்ன உறவு?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: 1960-களின் தொடக்கத்தில் சுண்டெலியின் டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினார்கள். டி.என்.ஏ. தன் அடர்த்திக்கேற்ற உயரத்தில் போய் நிற்கும். பெரிய பட்டை ஒன்று, அதை ஒட்டித் தனியே சின்னப் பட்டை ஒன்று. கோளுக்குப் பக்கத்தில் துணைக்கோள்போலத் தெரிந்ததால் 'சாட்டிலைட்' என்றார்கள். அந்தச் சின்னப் பட்டை முழுக்க அடுக்குகள்தான் என்பது பின்னால் தெரிந்தது. குட்டை அடுக்குகள் அப்படித் தனிப்பட்டையாகப் பிரிவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: இந்தியாவுக்கு இந்த முறை எப்படி வந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பாம்பு வழியாக வந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பிறந்த லால்ஜி சிங், காசி இந்து பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். எடின்பரோவில் பணியாற்றியபோது, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியன் வகைப் பெண் பாம்பிடமிருந்து ஓர் அடுக்கைப் பிரித்தெடுத்தார். அதில் 'ஜி-ஏ-டி-ஏ' என்ற நான்கெழுத்துச் சொல் மீண்டும் மீண்டும் வந்தது. பாம்பில் ஆண் பெண் வேறுபாடு எப்படி உண்டாகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தப் பாம்பு அடுக்கோ மனித டி.என்.ஏ.விலும் ஒட்டியது. 1987-இல் ஹைதராபாத்தின் செல்–மூலக்கூறு உயிரியல் மையத்தில் சேர்ந்த அவர், அதையே தூண்டிலாக்கி 1988-இல் இந்தியாவுக்கென்று சொந்த முறையை உருவாக்கினார். 1989-இல் கேரளத்தின் தலச்சேரியில், குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் நீதிமன்றம் அந்தச் சோதனையை ஏற்றுக்கொண்டது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கின் புலனாய்விலும் அது பயன்பட்டது.

பழைய முறைக்கு நிறைய ரத்தமும் கதிரியக்கப் பொருளும் தேவைப்பட்டன. இன்று ஒரு துளி எச்சில் போதும். வேண்டிய இடங்களை மட்டும் கோடிக்கணக்கான நகல்களாகப் பெருக்கி, குட்டை அடுக்குகளை எண்ணிவிடுகிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் தரவுத்தளம் 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறது. பந்திப்பூர் காட்டில் புலியின் எச்சத்திலிருந்து இதே வகை அடுக்குகளை எண்ணி, எந்தப் புலி எது என்று பிரித்தறிந்திருக்கிறார்கள். இன்றைய ஆய்வகங்கள் மனிதர்களிடம் எண்ணும் இடங்கள் பலவற்றில் அடுக்கி வருவது அந்தப் பாம்பிடம் கண்ட அதே 'ஜி-ஏ-டி-ஏ'தான்.