மாசியில் சுக்கானைக் காயவிடுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது, வாடைக் காற்றும் தணிந்துவருகிறது. சிறு பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் சுக்கானைக் கழற்றிப் பார்க்க இந்தத் தை, மாசி மாதங்களை விட்டால் வேறு நல்ல காலம் இல்லை. இன்றைய சிறு படகுகள் பலவற்றில் சுக்கான் என்பது உள்ளே பலகையோ பிளைவுட்டோ வைத்து, மேலே ஃபைபர் போர்த்திய ஒன்று. மழைக்காலத்தில் கரையேற்றிய படகில் மழைநீர் சுக்கானின் மேல்விளிம்பு வழியாக இறங்கும். உப்புத்தண்ணீரைவிட இந்த நல்ல தண்ணீர்தான் மரத்துக்கு எமன், ஏனென்றால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை நல்ல தண்ணீரில்தான் செழிக்கும். விரிசல் கண்ணில் பட்டதும் அதன்மேல் இன்னொரு சுற்று ஃபைபர் மேட் வைத்து ரெசின் பூசிவிடுவது பரவலான வழக்கம். இந்த முறை அதைச் செய்யாதீர்கள். வெளியே தெரியும் விரிசல் நோயின் அடையாளம் மட்டுமே. நோய் உள்ளே நிற்கும் தண்ணீரிலும், அது நுழைந்த ஓட்டையிலும் இருக்கிறது. அவை இரண்டையும் கவனிக்காமல் மேலே பூசுகிற ஒவ்வொரு பூச்சும் ஈரத்தை உள்ளே வைத்து மூடும் வேலைதான்.

தண்ணீர் பெரும்பாலும் விரிசல் வழியாக நுழைவதில்லை. சுக்கானைப் படகோடு இணைக்கும் கீல்களைப் பிடித்திருக்கும் போல்ட் ஓட்டைகளைக் கவனியுங்கள். ஃபைபரைத் துளைத்துப் போல்ட்டை மாட்டும்போது துளைக்குள் மரம் வெறும் மரமாகவே நிற்கிறது. படகு ஓடும்போது சுக்கான் இடைவிடாமல் இழுபட, போல்ட் இம்மியளவு ஆடும், பசை விடும், நீர் கசியும். அதிலும் கீழ்க் கீலுக்குத்தான் பாரம் அதிகம், ஆகவே அழுகலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கத்திப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி மாறி மொத்தென்று கேட்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு அடிமூலையில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். டிரில்லோடு வரும் தூள் வெளுப்பாக, உதிரியாக இருந்தால் அந்த இடம் நலம். கறுத்து, பிசினாக ஒட்டி, புளித்த வாடை அடித்தால் உள்ளே மரம் போய்விட்டது. துளையில் பழுப்பு நீர் சொட்டினால் இனி யோசிக்க ஒன்றுமில்லை, திறந்துதான் ஆக வேண்டும்.

'வெயிலில் நாலு நாள் போட்டால் காய்ந்துவிடாதா' என்று கேட்கலாம். ஃபைபர் மூடியிருக்கும்வரை காயாது. உள்ளிருக்கும் ஈரம் சூடேறி ஆவியாகி, வெளியேற வழியின்றி ஃபைபரைக் கொப்புளமாகத் தூக்கும். ஒரு பக்கத்து ஃபைபரையாவது உரித்தெடுங்கள், விளிம்புகளைத் திறந்துவிடுங்கள். மரம் தன் நார் ஓடும் திசையில்தான் வேகமாக ஈரத்தை விடும். அடுத்ததாக, நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். காயவைக்கப்போகும் பொருளை நனைப்பதா என்று தோன்றும். ஆனால் மரத்தில் ஊறிய உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கடற்கரை இரவுகளில் அது எளிதாகத் தாண்டுகிறது. உப்பைக் கழுவாமல் காயவைத்தால் பகலில் போன ஈரம் இரவில் திரும்பிவரும். நிழலில், காற்று இருபுறமும் பாயும்படி கட்டையின்மேல் நிறுத்துங்கள். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். காய்ந்ததைக் கைத்தொடுதலால் தீர்மானிக்காமல் தராசில் போட்டுப் பாருங்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். அன்றன்றைக்கு எடையைச் சுவரில் எழுதிவையுங்கள். அது குறைவது அடியோடு நின்ற பிறகே ரெசின் டப்பாவைத் திறக்க வேண்டும். தடித்த பலகையானால் இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

அழுகிய மரத்தைக் கெட்டியான மரம் வரும்வரை செதுக்கி எடுங்கள். ஒட்டுப்போட ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டே வேண்டும். அது 72 மணிநேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாத பசையால் ஆனது. சாதாரணப் படகு ரெசினான பாலியெஸ்டர் மரத்தில் எபாக்ஸி அளவுக்குப் பற்றாது. எபாக்ஸி விலை அதிகம் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் முழுச் சுக்கானுக்கும் அது வேண்டியதில்லை. மரத்தைத் தொடும் முதல் பூச்சுக்கும் போல்ட் ஓட்டைகளுக்கும் இருந்தால் போதும், அங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, பட்டிபோல் கெட்டியாக்கிய எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் நடுவில் 8 மில்லிமீட்டர் துளையுங்கள். இனி போல்ட் மரத்தைத் தொடாது, கசிந்தாலும் நீர் மரத்தை எட்டாது. பாலியெஸ்டர் கலப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி, அதன்பிறகே கேட்டலிஸ்ட்.

இவ்வளவுக்குப் புதுச் சுக்கானே செய்துவிடலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. கீழ்க் கீலைச் சுற்றிய மரம் முழுக்கச் சொதசொதத்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் புதியதிலும் ஓட்டைகளை வெறுமனே விட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும். காயும் வாரங்களில் படகு சும்மா கிடக்குமே என்ற கவலை இதைவிட உண்மையானது. அதற்கு இப்போதைக்கு மாற்றுச் சுக்கான் ஒன்றை இரவல் வாங்கியாவது ஓட்டுங்கள். பங்குனி, சித்திரையில் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும்போது பழைய சுக்கானை மாட்டி வெள்ளோட்டம் பார்த்துவிடலாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கரைக்கு அருகில் கீழ்க் கீல் பிய்ந்தால், பாயைச் சுருட்டுவதற்குள் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். வெள்ளோட்டம் முடிந்து வந்ததும் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். ஏதாவது தளர்ந்திருந்தால் அதைக் கழற்றி, சீலன்ட் வைத்து மறுபடி மாட்டிய பிறகே அடுத்த ஓட்டம்.