உழவுக்கும் பாரத்துக்கும் ஒரே டிராக்டர்: தேர்ந்தெடுப்பது எப்படி?



கடலூர் மாவட்டத்தில் டிராக்டர் வாங்கும் உழவர் அதை ஒரே வேலைக்காக வாங்குவதில்லை. காலையில் சேற்றில் உழ வேண்டும். மாலையில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு எருவோ, நெல் மூட்டையோ, கரும்போ ஏற்றிச் செல்ல வேண்டும். இந்த இரண்டு வேலைகளும் டிராக்டரிடம் ஒன்றுக்கொன்று மாறான குணங்களைக் கேட்கின்றன. சேற்றுக்கு எடை குறைந்த வண்டி நல்லது. பாரத்துக்கு எடை கூடிய வண்டி நல்லது. இதை எண்ணிப் பாராமல், "பக்கத்து வயல்காரர் ஐம்பது குதிரைத்திறன் வாங்கினார், நானும் அதையே வாங்குகிறேன்" என்று முடிவு செய்பவர்கள் பின்னர் கடன் தவணையிலும் பழுதுச் செலவிலும் துன்பப்படுகின்றனர். எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மண்ணை முதலில் பாருங்கள்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், குமராட்சி வட்டாரங்கள் வீராணம் ஏரியாலும் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வரும் வாய்க்கால்களாலும் பாசனம் பெறும் களிமண் பூமி. இங்கு டிராக்டரின் முதல் வேலை சேற்றுழவு. எடை மிகுந்த வண்டி இந்த மண்ணில் ஆழமாக இறங்கும். ஆண்டுதோறும் அப்படி இறங்கி இறங்கி ஓடினால், அடிமண் இறுகுவதோடு வயலின் மட்டமும் கெடும். எனவே இப்பகுதிச் சிறு உழவருக்கு 35 முதல் 45 குதிரைத்திறன் உள்ள, கூண்டுச் சக்கரம் பொருத்த வசதியான வண்டி போதுமானது. ஐந்து அடி ரோட்டவேட்டர் ஓட்டுவதாக இருந்தால் 40-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பண்ணுருட்டி, கேப்பர் மலைப் பகுதிகள் செம்மண் மேடு. அங்கு வண்டி புதைவதைவிட, ஏற்ற இறக்கமான சாலையில் பாரம் இழுப்பதே பெரிய வேலை. கரும்பும் மரவள்ளியும் பயிரிட்டு ஆலைக்கு ஏற்றுவோர் 45 முதல் 50 குதிரைத்திறன் வரை எண்ணிப் பார்க்கலாம்.

குதிரைத்திறன் என்பது எது?

விளம்பரத்தில் காணும் குதிரைத்திறன் எஞ்சினின் திறன். ரோட்டவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு அதில் ஏறத்தாழ 85 விழுக்காடுதான் வந்து சேரும். 45 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் பி.டி.ஓ.வில் சுமார் 38. இழுவைச் சட்டத்துக்கு வரும்போது அது மேலும் குறையும். இளகிய மண்ணில் சக்கரம் வழுக்குவதால் பாதிக்கு மேல் வீணாவதும் உண்டு.

சாலையில் பாரம் இழுக்க எவ்வளவு திறன் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டரின் எடை 2 டன், காலி டிரெய்லர் 1 டன், ஏற்றிய பாரம் 5 டன். ஆக மொத்தம் 8 டன். நல்ல தார்ச்சாலையில் உருள்வதற்கான தடை எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு, அதாவது 160 கிலோ. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இதை இழுக்க 12 குதிரைத்திறனே போதும். இருபது அடி நடந்தால் ஓர் அடி ஏறும் மேட்டில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சுமார் 21 குதிரைத்திறன் தேவை.

ஆக, 35 குதிரைத்திறன் வண்டியே 5 டன் பாரத்தைச் சாலையில் இழுத்துவிடும். "பாரம் இழுக்கப் பெரிய எஞ்சின் வேண்டும்" என்று எண்ணி அதிக விலை கொடுப்பது பெரும்பாலும் வீண். சிக்கல் எஞ்சினில் இல்லை. சக்கரப் பிடிமானத்திலும் பிரேக்கிலும்தான் இருக்கிறது.

வயலில் சிக்கிக்கொள்வது ஏன்?

மழைக்குப் பின் கரும்பு வயலிலிருந்து பாரத்தோடு வெளியேற முடியாமல் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினில் திறன் இல்லாமலா நிற்கிறது? இல்லை. ஈர வயலில் 6 டன் டிரெய்லர் உருளத் தடை 15 விழுக்காடு என்று கொண்டால் 900 கிலோ இழுவை வேண்டும். பின் சக்கரங்களின் மேல் 1,800 கிலோ எடை இருந்தாலும், ஈர மண்ணில் அதில் ஐந்தில் இரண்டு பங்கே, அதாவது 720 கிலோ அளவே பிடிமானம் கிடைக்கும். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அந்த 720 கிலோவுக்கு மேல் இழுக்க இயலாது. பாரத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவை 525 கிலோவாக இறங்கி, வண்டி வெளியே வந்துவிடும். ஈரக்காலத்தில் பாதி பாரத்தை வரப்போரம் கொண்டு சேர்த்து, மீதியைச் சாலையோரம் ஏற்றிக்கொள்வதே சிக்கனம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி களிமண்ணில் கூடுதல் பிடிமானம் தரும். ஆனால் விலையும் பழுதுச் செலவும் கூடுதல். ஈர வயலில் ஆண்டுக்குப் பல நாட்கள் பாரம் இழுப்பவருக்கே அது கட்டுபடியாகும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதுவே விதி. பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது அதன் ஒரு பகுதி டிராக்டரின் பின் சக்கரத்தில் இறங்கிப் பிடிமானம் கூடும். கரும்புக் கட்டுகள் பின்னால் நீட்டிக்கொண்டு பின்பாரமானால், டிராக்டரின் பின்புறம் மேலெழும்பிச் சக்கரம் வழுக்கும். முன்பாரம் அளவு மீறினால் டிராக்டரின் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். ஸ்டீயரிங் கைக்குக் கட்டுப்படாது. டிராக்டரின் முன்புறம் எடைக்கட்டிகள் பொருத்த இடம் உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இழுப்பதைவிட நிறுத்துவது கடினம்

இதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 2 டன் டிராக்டர், பிரேக் மிதித்தபின் 6 மீட்டரில் நிற்பதாகக் கொள்வோம். அதே பிரேக், பின்னால் 6 டன் டிரெய்லரையும் சேர்த்து 8 டன்னை நிறுத்த வேண்டுமானால் 24 மீட்டர் ஆகும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு வினாடியில் வண்டி 7 மீட்டர் ஓடியிருக்கும். மொத்தம் 31 மீட்டர். வேகத்தை 15 கிலோமீட்டராகக் குறைத்தால் எல்லாம் சேர்த்து 13 மீட்டரில் நின்றுவிடும்.

நம் பகுதியில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றுக்குத் தனி பிரேக் இல்லை. இறக்கத்தில் டிராக்டர் நின்றாலும் டிரெய்லர் நிற்காமல் முன்னே தள்ளும். டிராக்டர் குறுக்கே திரும்பிக் கவிழும். டிராக்டருக்குப் பல லட்சம் கொடுப்பவர்கள் டிரெய்லரின் பிரேக்கில் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பது எவ்வகையிலும் அறிவுடைமை அன்று. டிரெய்லர் செய்யக் கொடுக்கும்போதே பிரேக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பிரேக்: எண்ணெயில் மூழ்கிய பிரேக்கே நம் பகுதிக்கு ஏற்றது. உலர் பிரேக்கில் சேற்றுழவின்போது நீரும் சேறும் புகுந்தால், மாலையில் சாலையில் பாரம் இழுக்கும்போது பிடிக்காமல் போகலாம்.

2. மிதிகளை இணைக்கும் தாழ்: வயலில் திரும்புவதற்காக இடது, வலது பிரேக் மிதிகள் தனித்தனியே உள்ளன. சாலைக்கு வரும்போது தாழிட்டு இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழலும். தாழ் எளிதாக விழுகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

3. கிளட்ச்: வண்டியை நிறுத்தினாலும் பி.டி.ஓ. சுற்றும்படியான இரட்டைக் கிளட்ச் ரோட்டவேட்டருக்குப் பெரிதும் உதவும்.

4. ஸ்டீயரிங்: பவர் ஸ்டீயரிங் சேற்றிலும் சாலையிலும் களைப்பைக் குறைக்கும்.

5. சோதனை அறிக்கை: மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ. திறன், இழுவைத் திறன், பிரேக்கின் செயல்பாடு ஆகியவை அதில் இருக்கும். விற்பனையாளரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு, எஞ்சின் திறனுக்குப் பதில் அந்த எண்களை ஒப்பிடுங்கள்.

6. பழுது பார்க்கும் வசதி: நடவுக் காலத்தில் மூன்று நாள் வண்டி நின்றால் பருவமே தவறும். சிதம்பரத்திலோ கடலூரிலோ விருத்தாசலத்திலோ உதிரிப் பாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் உள்ள வண்டியே நல்ல வண்டி.

மாட்டும் இடம்

டிரெய்லரையோ புதைந்த வண்டியையோ தாழ்வாக உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலோ, மும்முனை இணைப்பின் மேல் தண்டிலோ சங்கிலி கட்டி இழுத்தால், முன் சக்கரம் மேலெழும்பி டிராக்டர் ஓட்டுநர் மீதே மல்லாந்து விழும். இது இரண்டு வினாடிக்குள் நடந்துவிடும். குதித்துத் தப்ப நேரம் இராது. கொக்கி ஊசிக்குப் பூட்டுக் கம்பி போடுவதோடு, இணைப்புச் சங்கிலி ஒன்றும் மாட்டிவிடுங்கள்.

சேற்றுழவுக்காகச் சக்கரத்தில் நிரப்பிய நீர், காற்றழுத்தம் ஆகியவற்றைச் சாலைப் பயணத்துக்கு முன் கையேட்டின்படி சரிபார்க்க வேண்டும். கூண்டுச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஏறக்கூடாது.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

எடுத்துக்காட்டாக, வண்டி விலை 8 லட்சம் ரூபாய், பத்தாண்டு உழைக்கும், முடிவில் 80,000 ரூபாய்க்கு விலைபோகும் என்று கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய். சராசரி முதலீட்டுக்கு 10 விழுக்காடு வட்டி 44,000. காப்பீடு, கொட்டகை 16,000. ஆக 1,32,000 ரூபாய், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு. டீசலும் ஓட்டுநர் கூலியும் தனி.

ஆண்டுக்கு 1,000 மணி ஓடினால் இது மணிக்கு 132 ரூபாய். 300 மணி ஓடினால் 440 ரூபாய். 100 மணி மட்டும் ஓடினால் 1,320 ரூபாய். ஐந்து ஏக்கரில் இருபோகம் செய்பவருக்கு உழவும் பாரமும் சேர்ந்து 100 மணியைத் தொடுவதே அரிது. மீதி மணிக்கு வெளிவேலை உறுதியாகக் கிடைக்குமா என்று அண்டை அயலாரிடம் விசாரித்த பின்னரே கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள். கிடைக்காது என்றால், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலி வழியாகவோ, உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலோ பதிவு செய்துகொள்ளலாம். நாலைந்து உழவர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவதும் நல்ல வழியே. மானியம் பெற எண்ணுவோர் வண்டி வாங்குவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் விவரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

டிரெய்லரில் ஆள் ஏற்றாதீர்கள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவும் காப்பீடும் வேண்டும். வேளாண் பணிக்கென்று காப்பீடு செய்த வண்டியில் வாடகைக்குச் செங்கலும் மணலும் ஏற்றினால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம்.

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பண்ணுருட்டி, சேத்தியாத்தோப்பு வழியாக இரவிலும் கரும்பு வண்டிகள் செல்கின்றன. டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் சாலையோரம் நிறுத்துவது பின்னால் வருபவருக்கு எமனாக முடியும். பழுதாகி நின்றால் வண்டியைச் சாலையை விட்டு இறக்குங்கள். இயலாவிட்டால் பின்னால் தொலைவிலேயே எச்சரிக்கை வையுங்கள்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. நடவுக்கும் களைக்கும் பெண்களை டிரெய்லரில் நிற்கவைத்து அழைத்துவருவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் இறங்கினாலே டிரெய்லர் கவிழும். பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. காப்பீடும் அவர்களுக்குத் துணைவராது. மூட்டை சரிந்தால் மீண்டும் அடுக்கலாம். மனிதர் விழுந்தால் என்ன செய்வது? ஆட்களை ஆட்டோவிலோ வேனிலோ அழைத்து வாருங்கள். அந்தச் செலவையும் சாகுபடிச் செலவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: மண்ணுக்கேற்ற எடை, வேலைக்கேற்ற பி.டி.ஓ. திறன், சேறு புகாத பிரேக், டிரெய்லருக்குத் தனி பிரேக், ஆண்டுக்கு எத்தனை மணி வேலை என்ற கணக்கு. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். "எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்கும் முன், "எவ்வளவு பாரத்தோடு எத்தனை மீட்டரில் நிற்கும்?" என்று கேளுங்கள். அதற்கு நேரான விடை கிடைக்கும் வண்டியையே வாங்குங்கள்.