பழைய திட்டில் புதுக் கட்டி வந்தால்...
(சுகாதாரப் பாடம்)

"தேமல்தானே, தானா போயிடும்" என்று நம்ம லயங்களில் சொல்வது வழக்கம். பெரும்பாலான தேமலும் படையும் மருந்துக்கு அடங்கிவிடும் என்பது உண்மையே. ஆனால், வருஷக்கணக்கில் போகாத திட்டுகளில் மிகச் சில வேறு நோயாக இருக்கலாம். தோலில் வரும் நிணநீர்ப் புற்றுநோய் அவற்றில் ஒன்று. அதைப் பற்றி இந்த இதழில் படிப்போம்.

1806ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அலிபேர் என்ற வைத்தியர் இந்நோயை முதலில் விவரித்தார். கட்டிகள் காளான் போல் இருந்ததால் 'மைகோசிஸ் பங்கோயிடிஸ்' என்று பெயர் வந்தது. பெயர்தான் அப்படி, இது பூஞ்சணத்தால் வருவதல்ல, ஒட்டுநோயும் அல்ல.

நம் இரத்தத்தில் காவல்காரர் போல் இருக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை, தோலில் தங்கி அளவுமீறிப் பெருகுவதே இந்நோய். இடுப்பு, தொடை, மார்பு போன்ற வெயில் படாத இடங்களில்தான் திட்டுகள் அதிகம் வரும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் வெளிறியும் தெரியலாம். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மரத்துப்போகும். இதில் பொதுவாக அப்படி ஆவதில்லை. எதுவென்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டரே. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

பலருக்கு இது பல வருஷம் மெதுவாகவே போகும். பூச்சு மருந்தாலும் ஆஸ்பத்திரியில் அளந்து கொடுக்கும் ஒளிச் சிகிச்சையாலும் கட்டுப்படுத்தலாம். மலையில் படும் வெயில் அதற்கு ஈடாகாது.

ஆனால், சிலருக்கு அந்தச் சிறிய அணுக்களே பெரிதாகி வேகமாகப் பெருகத் தொடங்கும். சாதாரண அணுவைப் போல் நான்கு மடங்கு பெரிய அணுக்கள், நோய் அணுக்களில் நூற்றுக்கு 25க்கு மேல் இருந்தால் நோய் உருமாறிவிட்டது என்று டாக்டர்மார் கொள்வார்கள். அப்போது சிகிச்சையும் மாறும். கதிர்ச் சிகிச்சையோ வேறு மருந்துகளோ தேவைப்படலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

1. பழைய திட்டிலோ வேறிடத்திலோ திடீரென வளரும் கட்டி.
2. வெடித்து ஆறாத புண்.
3. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டுதல்.

இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் அங்கிருந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

"முன்னாடியே சதை வெட்டிப் பார்த்தாச்சே, இன்னொரு தரம் ஏன்?" என்று சிலர் கேட்பார்கள். பழைய சதையில் பழைய நிலைதான் தெரியும். புதுக் கட்டியில் எடுத்தால்தான் மாற்றம் தெரியும்.

ஸ்பிரிங்வெளியிலிருந்து டவுனுக்குப் போய்வந்தால் ஒருநாள் பேர் போகும் என்பதை நாம் அறிவோம். அரிப்பு குறைந்ததும் கிளினிக்கை நிறுத்திவிடுவது அதனால்தான். ஆனாலும், கட்டி சிறிதாக இருக்கும்போது போகும் ஒருநாள், பிறகு பல மாதப் படுக்கையைத் தவிர்க்க உதவலாம். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் ஒருவர் மாதம் ஒருமுறை முதுகையும் இடுப்பையும் பார்த்துச் சொன்னால் அதுவே பெரிய உதவி.