தொடக்க அழுத்தமா, இறுதி அழுத்தமா: முதல்வகை வாயு வினைகளுக்கு ஒரு வழிகாட்டி

கன அளவும் வெப்பநிலையும் மாறாத மூடிய கலத்தில் ஒரு வாயு மூலக்கூறு சிதைந்து இரண்டு அல்லது மூன்று மூலக்கூறுகளாகும்போது, மொத்த அழுத்தம் ஏறிக்கொண்டே செல்கிறது. அந்த ஏற்றத்தை அழுத்தமானியில் குறித்துக்கொண்டால், மாதிரி எதுவும் எடுக்காமலேயே வினைவேக மாறிலியைக் கணக்கிட்டுவிடலாம். எனினும், முதல்வகை வினையின் வேகம் மொத்த அழுத்தத்தைச் சார்ந்ததன்று. சிதையாமல் எஞ்சிய வாயு மட்டும் தரும் பகுதி அழுத்தத்தைச் சார்ந்தது. மொத்தத்திலிருந்து பகுதியைப் பெறும் வழிகளுள் எதைத் தேர்வது என்பது, எந்த அழுத்தத்தை நம்பலாம் என்பதையே பொறுத்தது.

ஹின்ஷெல்வுட்டும் ஆஸ்கியும் 1927-இல் வெளியிட்ட டைமெத்தில் ஈதர் சிதைவு இதற்கு நல்ல சான்று. 504 பாகை செல்சியஸில் ஈதர், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் என மூன்றாகப் பிரிகிறது. தொடக்கத்தில் 312 மில்லிமீட்டர் பாதரசமாக இருந்த அழுத்தம் 390 நொடியில் 408, 1195 நொடியில் 562, 3155 நொடியில் 779 என உயர்ந்து, முடிவில் 931-இல் நிலைத்தது.

முதல் வழி தொடக்க அழுத்தத்தை நம்புகிறது: அதன் மும்மடங்கிலிருந்து அந்நேர அழுத்தத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் எஞ்சிய ஈதரின் பகுதி அழுத்தம் கிடைக்கும். விரைவான வழிதான், ஆனால் குளிர்ந்த வாயு சூடேறி முடிவதற்குள்ளேயே வினை தொடங்கிவிடுவதால், தொடக்க அழுத்தம் நேரில் அளந்ததாக இல்லாமல் பின்னோக்கி நீட்டி ஊகித்ததாக இருப்பதுண்டு.

இரண்டாம் வழியில், இறுதி அழுத்தத்துக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதே எஞ்சிய ஈதரின் அளவாகக் கொள்ளப்படுகிறது. அக்குறையின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். எத்தனை மூலக்கூறுகள் விளைகின்றன என்பதுகூடத் தெரியவேண்டியதில்லை. மேற்கண்ட அளவீட்டில் எதிர்பார்த்த இறுதி அழுத்தம் 936, கிடைத்ததோ 931. ஐந்தே மில்லிமீட்டர் வேறுபாடுதான். 390 நொடியில் மாறிலி முதல் வழிப்படி நொடிக்கு 0.000428, இரண்டாம் வழிப்படி 0.000432 என ஏறக்குறைய ஒன்றாகவே உள்ளது. 3155 நொடியிலோ 0.000437, 0.000445 எனப் பிளவு விரிகிறது. எஞ்சியது சிறுகச் சிறுக, அதே ஐந்து மில்லிமீட்டர் பெரிதாகிவிடுகிறது. தொடக்க அழுத்தம் ஊகமாக இருக்கலாம், இறுதி அழுத்தமோ நேரில் அளந்தது; ஆகவே காத்திருக்க முடிந்தால் இரண்டாம் வழியே மேல். அரைவாழ்காலம் ஏறத்தாழ 27 நிமிடமாக உள்ள இவ்வினையில், ஆயிரத்தில் ஒரு பங்கு எஞ்சும்வரை காத்திருக்க நாலரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் உலையின் வெப்பநிலை அசையக்கூடாது.

இரு முனைகளும் ஐயத்துக்குரியவை எனில், 1926-இல் குக்கன்ஹைம் முன்வைத்த வழி உண்டு: சம இடைவெளியில் எடுத்த ஈரளவீடுகளின் வேறுபாட்டுக்கு மடக்கை எடுப்பது. அந்த இடைவெளி இரண்டு அரைவாழ்காலங்களுக்குக் குறையாதிருப்பது நல்லது; குறைந்தால் வேறுபாடு சிறுத்து அளவீட்டுப் பிழை மேலோங்கும். இதன் மறைவான குறை ஒன்றுண்டு: முதல்வகை அல்லாத வினையும் இதில் நேர்கோடுபோலத் தோன்றக்கூடும் என்பதால், வினைவகை வேறு வகையில் உறுதியான பின்னரே இதைக் கையாளவேண்டும்.

ஈதர் சிதைவில் ஃபார்மால்டிஹைடு இடையில் தோன்றிப் பின்னர் சிதைவதால், தொடக்கத்தில் அழுத்த ஏற்றம் சற்றுப் பின்தங்குகிறது. அதை மூன்று வழிகளில் எதுவும் திருத்தாது. சைக்ளோபுரோப்பேன் புரொப்பீனாக மாறுவதுபோல் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறாத வினையிலோ அழுத்தமானியின் அளவு அசையாது. அங்கே கலவையைப் பகுத்தாய்வதைத் தவிர வழியில்லை.