சேலத்திலிருந்து நேராகப் பறக்க: இடைநில்லா விமான சேவை எப்படி வருகிறது, எப்படி நிலைக்கிறது?

"கொல்லிமலைக்கும் விமானத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. செம்மேடு, சோளக்காடு பக்கத்து இளைஞர்கள் வேலைக்காக வெளிமாநிலம் போகிறார்கள். மேல்சிகிச்சைக்காகச் சென்னை போகிறவர்கள் இருக்கிறார்கள். மிளகும் காபியும் வாங்க வரும் வியாபாரிகள், ஆகாய கங்கை பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்களும் உண்டு. இவர்களுக்குப் பக்கத்தில் உள்ள விமான நிலையங்களில் ஒன்று, ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம்.

இந்த நிலையத்தில் சேவை தொடங்கியது, நின்றது, மீண்டும் தொடங்கியது. ஏன் அப்படி? இனியும் நிற்காமல் இருக்க என்ன வேண்டும்? கையில் இருக்கும் செல்போனை வைத்து நாம் என்ன செய்யலாம்? இந்தப் பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் மூன்று சொற்கள்

டிக்கெட் போடும் ஆப்பில் மூன்று வகைப் பயணங்கள் வரும். மூன்றும் வேறு வேறு.

இடைநில்லா சேவை (நான்-ஸ்டாப்): ஏறும் ஊரில் கிளம்பி, இறங்கும் ஊரில்தான் தரையிறங்கும். நடுவில் எங்கும் நிற்காது.

நேரடி சேவை (டைரக்ட்): நடுவில் ஓர் ஊரில் நிற்கலாம். ஆனால் விமான எண் மாறாது.

இணைப்பு சேவை (கனெக்டிங்): நடுவில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2023 அக்டோபரில் பெங்களூரு–சேலம்–கொச்சி என்று அலையன்ஸ் ஏர் விமானம் தொடங்கியது. பெங்களூரில் ஏறி கொச்சியில் இறங்குபவருக்கு அது நடுவில் நிற்கும் விமானம். சேலத்தில் ஏறுபவருக்கோ பெங்களூருக்கும் இடைநில்லா சேவை, கொச்சிக்கும் இடைநில்லா சேவை. ஒரே விமானம் சேலத்துக்கு இரண்டு ஊர்களைத் திறந்துவிட்டது. சின்ன நகரங்களுக்குச் சேவை பெரும்பாலும் இப்படித்தான் வரும். முழு விமானத்தையும் ஒரே ஊர் நிரப்ப வேண்டிய சுமை இதனால் குறைகிறது.

2. சேலத்தின் கதை: வந்ததும் போனதும்

சேலம் விமான நிலையம் 1993-ல் திறக்கப்பட்டது. தொடக்க காலச் சேவை நீடிக்கவில்லை. பல ஆண்டுகள் ஓடுபாதை சும்மா கிடந்தது.

2009-ல் கிங்ஃபிஷர் நிறுவனம் சென்னைக்குச் சேவை தொடங்கியது. 2011-ல் அது நின்றது. அந்த நிறுவனமே அடுத்த ஆண்டு பறப்பதை நிறுத்திக்கொண்டது.

2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் நிறுவனம் உடான் திட்டத்தில் சென்னை–சேலம் சேவையைத் தொடங்கியது. இடையில் கொரோனா வந்தது. 2021-ல் அந்தச் சேவையும் நின்றது.

2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் வந்தன. சென்னை, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி என்று ஒரே மாதத்தில் நான்கு ஊர்களுக்கு வழி திறந்தது.

முன்பு ஒரே ஊர், ஒரே நிறுவனம். அந்த நிறுவனம் தடுமாறினால் நிலையமே மூடிய மாதிரிதான். 2023-ல் ஊர்களும் கூடின, நிறுவனங்களும் கூடின. விரிவாக்கம் என்பதன் முதல் பயன் இதுதான். ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓடும்.

3. காசு எங்கிருந்து வருகிறது?

மத்திய அரசின் உடான் திட்டம் 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. திட்டத்தின் கணக்கு இப்படி:

• விமானத்தில் ஏறக்குறைய பாதி இருக்கைகள் சலுகைக் கட்டணத்தில் விற்கப்பட வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற அளவில் உச்சவரம்பு தொடங்கியது. தூரத்தைப் பொறுத்து அது மாறும்.

• இதனால் நிறுவனத்துக்கு வரும் இழப்பை அரசு மானியமாக ஈடுகட்டும். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அந்த மானியத்தில் 80 சதவீதம் மத்தியப் பங்கு, 20 சதவீதம் மாநிலப் பங்கு. பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடம் வாங்கும் தீர்வையிலிருந்து மத்தியப் பங்கு திரட்டப்படுகிறது.

• உடான் நிலையங்களில் விமான எரிபொருளுக்கு மாநில மதிப்புக் கூட்டு வரி 1 சதவீதமாகக் குறைக்கப்படும். தமிழ்நாட்டில் இதன் பொது விகிதம் 29 சதவீதம். பாதுகாப்பு, தீயணைப்பு வசதிகளையும் மாநில அரசு தரும்.

• மானியம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்க. 2023 அக்டோபரில் தொடங்கிய உடான் வழித்தடத்துக்கு 2026 அக்டோபரோடு மூன்று ஆண்டு முடியும். அதற்குப் பிறகு விமானம் தன் காலில் நிற்க வேண்டும்.

நிற்குமா? நாடு முழுவதும் நடந்ததை மத்திய கணக்குத் தணிக்கைத் துறை 2023-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. திட்டத்தின் முதல் மூன்று சுற்றுகளில் 774 வழித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று ஆண்டு முழுவதும் ஓடியவை 112. மானியக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை வெறும் 54.

ஆகவே "விமானம் வந்துடுச்சு, இனி கவலை இல்லை" என்று இருந்துவிட முடியாது.

4. நிலைத்தவை ஏன் நிலைத்தன?

இரண்டு ஊர்களைப் பார்ப்போம்.

பீகாரின் தர்பங்காவில் 2020 நவம்பரில் உடான் சேவை தொடங்கியது. டெல்லி, மும்பை, பெங்களூரில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கான வடபீகார்க்காரர்கள் அதை நிரப்பினார்கள். அது விமானப்படைத் தளம் என்பதால் நீளமான ஓடுபாதை முன்பே இருந்தது. பெரிய விமானங்கள் முதல் நாளிலிருந்தே இறங்கின.

தூத்துக்குடி இதற்கு நேர்மாறு. அங்கே ஓடுபாதை சுமார் 1,350 மீட்டர்தான் இருந்தது. அது சேலத்தைவிடக் குறைவு. இருந்தும் துறைமுகம், தொழிற்சாலை வேலையாக வருகிறவர்கள் இருந்ததால் சிறிய விமானங்கள் சென்னைக்கு நாளுக்குப் பல முறை பறந்தன. அந்தத் தேவை நிரூபணமான பிறகு ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? நீளமான ஓடுபாதை உதவும். ஆனால் முதலில் வேண்டியது தொடர்ந்து நிரம்பும் இருக்கைகள். சேலம், நாமக்கல் பகுதிக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. வெள்ளிக் கொலுசு, ஸ்டீல், முட்டை, லாரி பாடி கட்டும் தொழில், திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று இந்தியா முழுக்க வியாபாரத் தொடர்பு உள்ள வட்டாரம் இது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஏ.டி.ஆர். வகை விமானத்தில் 78 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு முறை வந்து போனால் 156 இருக்கை. அதில் எழுபது சதவீதம் நிரம்ப வேண்டுமென்றால் ஒரு வழித்தடத்துக்கு நாளுக்குச் சுமார் 109 பேர் வேண்டும். தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் இல்லை, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலும் வேண்டும்.

5. ஓடுபாதையும் நிலமும்

சேலத்தின் ஓடுபாதை 1,806 மீட்டர். இறக்கைச் சுழலி கொண்ட ஏ.டி.ஆர். விமானத்துக்கு இது போதும். 180 பேர் ஏறும் ஏர்பஸ், போயிங் விமானங்கள் முழுச் சுமையோடு பறக்க 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். மும்பை, டெல்லி போன்ற தூரத்து ஊர்களுக்கு இடைநில்லா சேவை வேண்டுமானால் ஓடுபாதை நீள வேண்டும்.

ஓடுபாதை நீள நிலம் வேண்டும். ஐந்நூறு ஏக்கருக்கும் மேல் எடுக்கும் திட்டம் வந்தபோது, காமலாபுரம், பொட்டிபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி பகுதி விவசாயிகள் 2018-ல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விளைநிலமும் வீடும் போகுமே என்பது அவர்கள் கவலை. விமானத்தில் பறக்கப் போகிறவர் ஒருவர், நிலத்தை இழக்கப் போகிறவர் இன்னொருவர். "எங்க ஊருக்குப் பெரிய விமானம் வேணும்" என்று கேட்கும் நாம் இதை மறக்கக் கூடாது. சின்ன விமானத்தையே நன்றாக நிரப்பி, நேரங்களைக் கூட்டினாலும் சென்னை, பெங்களூரு, ஐதராபாத் தேவையில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம்.

எந்தத் திட்டத்துக்காவது நிலம் எடுக்கப்படும் பகுதியில் இருப்பவர்கள், தங்கள் பட்டா, சிட்டாவில் பெயரும் பரப்பும் சரியாக இருக்கிறதா என்று அரசின் இணையவழி நிலப் பதிவேட்டில் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் இழப்பீடு வாங்கும்போது அலைய வேண்டி வரும்.

6. கொல்லிமலையிலிருந்து கிளம்புகிறவருக்கு

சேலத்தில் விமானம் 12 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம்.

• பொதுவாக 60 நிமிடம் முன்பு செக்-இன் கவுண்டர் மூடப்படும். அதாவது 11 மணி. 10 மணிக்குள் நிலையத்தில் இருங்க.

• செம்மேட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, காரவள்ளி வந்து, சேலம் கடந்து காமலாபுரம் சேர மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்க. மழை நாளில் இன்னும் கூட்டிக்கொள்ளுங்க.

• ஆக, காலை ஆறரை மணிக்குக் கிளம்பினால் நிம்மதி.

சென்னைக்கு என்றால், சேலம் வந்து ரயிலேறுவதற்கும் இதற்கும் மொத்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஐதராபாத் என்றால் ரயிலில் ஓர் இரவுக்கு மேல் ஆகும். விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். தூரம் கூடக் கூடத்தான் விமானத்தின் லாபம் தெரியும். சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு இடைநில்லா சேவை திருச்சியிலேயே இருக்கிறது. எந்த நிலையம் வசதி என்பதை டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல், வீட்டு வாசலிலிருந்து ஆகும் மொத்தச் செலவையும் நேரத்தையும் வைத்து முடிவு செய்யுங்க.

7. செல்போனில் செய்ய வேண்டியவை

அட்டவணை பாருங்க. விமான அட்டவணை மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் மாறும். போன மாதம் பறந்தது இந்த மாதமும் பறக்கும் என்று நினைத்துக் கிளம்ப வேண்டாம். நிறுவனத்தின் ஆப்பில் அன்றைய நிலையைப் பாருங்க.

உங்க நம்பரைக் கொடுங்க. பக்கத்துக் கடையில் டிக்கெட் போட்டாலும், பதிவில் உங்கள் சொந்த செல்போன் எண்தான் இருக்க வேண்டும். ரத்துச் செய்தி அதில்தான் வரும். தொடர்பு எண் சரியாகத் தராதவருக்கு ரத்துக்கான இழப்பீடு கிடைக்காது.

முன்பே பதிவிறக்குங்க. மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும். டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் வீட்டிலேயே செல்போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்க. டிஜிலாக்கர், எம்-ஆதார் இதற்கு உதவும்.

உரிமை தெரிஞ்சுக்கோங்க. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். உரிய காலத்தில் தெரிவிக்காமல் ரத்து செய்தால் ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை கிடைக்கும். மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு இந்த இழப்பீடு பொருந்தாது. இது போன்ற குறுகிய பயணங்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். நீங்களே போகாமல் விட்டாலும் டிக்கெட்டில் உள்ள வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் திரும்பக் கேட்கலாம்.

புகார் செய்யுங்க. முதலில் நிறுவனத்திடம். பதில் திருப்தி இல்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா ஆப்பில் பதியலாம்.

8. கோரிக்கையை எங்கே வைப்பது?

வழித்தடம், நேரம், நிலைய வசதி பற்றிப் பேச ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஆலோசனைக் குழு உண்டு. அந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அதற்குத் தலைவர். ஊராட்சி, வணிகர் சங்கம், கல்லூரி, சுற்றுலாத் தங்கும் விடுதிகள் சேர்ந்து மனு கொடுக்கலாம். "விமானம் வேண்டும்" என்று பொதுவாக எழுதுவதைவிட, "மாதம் எங்கள் பக்கத்திலிருந்து இத்தனை பேர் இந்த ஊருக்குப் போகிறோம், இந்த நேரம் வசதி" என்று எண்ணிக்கையோடு எழுதினால் நிறுவனம் காது கொடுக்கும்.

விமான நேரத்துக்கு ஏற்ற இணைப்புப் பேருந்து போன்ற மாநில அரசு சார்ந்த கோரிக்கைகளை முதல்வரின் முகவரி இணையதளத்திலோ 1100 என்ற எண்ணிலோ பதியலாம். பதிவு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்க. பேருந்து சரியாக இருந்தால் மலையிலிருந்து வருகிறவருக்கு வாடகைக் காரின் செலவு மிச்சம். விமானத்துக்கும் ஓர் இருக்கை கூடுதலாக நிரம்பும்.

படித்ததைச் சரிபாருங்க

1. நேரடி விமானம் எல்லாமே இடைநில்லா விமானமா? இல்லை. நேரடி விமானம் நடுவில் நிற்கலாம்.

2. உடான் மானியம் எத்தனை ஆண்டு? மூன்று.

3. ஓடுபாதை சிறியது என்றால் சேவை நிலைக்காதா? நிலைக்கும். தூத்துக்குடி அதற்குச் சாட்சி. இருக்கை நிரம்ப வேண்டும், அவ்வளவுதான்.

4. ரத்துக்கான இழப்பீடு கிடைக்க டிக்கெட் பதிவில் எது கட்டாயம் இருக்க வேண்டும்? உங்கள் சரியான தொடர்பு எண்.

அடுத்த முறை ஐதராபாத்துக்கோ கொச்சிக்கோ போக வேண்டி வந்தால், பெங்களூரு போய் ஏறலாம் என்று முடிவு செய்யும் முன், ஆப்பில் சேலம் என்று ஒரு முறை தேடிப் பாருங்க.