நோயாளி சொன்னால் கேட்பார்களா?

கேள்வி: என் அக்காவுக்கு நாள்பட்ட களைப்பு நோய். ‘நடந்தால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். நடந்தால் இரண்டு நாள் படுத்துவிடுகிறார். நோயாளிகள் எழுதி சிகிச்சை நெறிமுறை மாறுமா?
– வாசகி, கோட்டுச்சேரி

பதில்: மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2007-இல், இந்நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டச் சொன்னது. அதனால் உடல் இன்னும் மோசமானது என்று நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தார்கள். அந்த நெறிமுறையின் மறுஆய்வுக் குழுவில் நோயாளிகளுக்கும் இடம் கிடைத்தது. அவர்கள் அனுபவமும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2021 ஆகஸ்டில் வர வேண்டிய நெறிமுறை, மருத்துவ அமைப்புகள் சிலவற்றின் எதிர்ப்பால் தடைபட்டு அக்டோபர் 29-இல் வெளிவந்தது. அந்தப் பயிற்சிச் சிகிச்சையை அளிக்கக் கூடாது என்றே அதில் எழுதிவிட்டார்கள். பெரிய வெற்றி அது.

நம் நாட்டிலும் அரிய நோய்களுக்கான கொள்கையின் வரைவை 2020 ஜனவரியில் வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டுத்தான் 2021-இல் இறுதி செய்தார்கள். நம்மவர்கள்தான் இதற்கெல்லாம் அதிகம் எழுதுவதில்லை.

எழுதும்போது, ‘ரொம்பக் கஷ்டம்’ என்று மட்டும் எழுதினால் நெறிமுறை வகுக்கும் குழுவுக்குப் பயன்படாது. ‘திங்கள் மாலை கடைத்தெரு வரை நடந்தார். செவ்வாய் சுமார். புதன், தலைவார எழ முடியவில்லை’ என்று தேதியோடு எழுதுங்கள். யார் சொன்ன சிகிச்சை, எத்தனை வாரம், பிறகு என்ன ஆயிற்று என்பதும் வேண்டும். ஓ.பி. சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இவற்றையெல்லாம் குறித்துவைக்க அக்காவுக்கு ஒரு நோட்டை இன்றே தொடங்குங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.